பதினெட்டு ஆண்டுக் கூனலும் ஆறு வாரப் பொறுமையும்



லூக்கா நற்செய்தியின் பதின்மூன்றாம் அதிகாரத்தில் ஒரு பெண்ணைச் சந்திக்கின்றோம். பதினெட்டு ஆண்டுகளாகக் கூனிக் குறுகி, சற்றும் நிமிர இயலாதிருந்தவள். அவள் பெயரை நற்செய்தியாளர் குறிக்கவில்லை; அவள் குணம் வேண்டிக் கேட்டதாகவும் எழுதவில்லை. ஆண்டவரே அவளைக் கண்டார், அழைத்தார், அவள்மேல் கைகளை வைத்தார். அந்நொடியே அவள் நிமிர்ந்தாள். அன்று ஓய்வு நாளாதலால் செபக்கூடத் தலைவன் சினந்தான். ஓய்வு நாளிலும் மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டுகின்றவர்கள், பதினெட்டு ஆண்டு கட்டுண்டு கிடந்த ஆபிரகாமின் மகளை அவிழ்த்துவிடுவதைக் குறை கூறலாகுமா என்னும் கருத்துப்பட ஆண்டவர் அவனை வாயடைக்கச் செய்தார்.

இப்பகுதியை எத்தனையோ முறை வாசித்திருக்கின்றோம், மறையுரையும் ஆற்றியிருக்கின்றோம். எனினும் அதன் பொருள் நம் நெஞ்சில் ஆழமாக உறைத்தது, மன்னவனூர்ப் பக்கத்தில் ஓர் உழவர் வீட்டுத் திண்ணையில்தான்.

மேல்மலையின் சுமை

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை வழியாக மேற்கே சென்றால் மன்னவனூர். அங்குச் சுற்றுலா வருவோர்க்கு ஏரியும், புல்வெளியும், மத்திய அரசின் ஆட்டு ஆராய்ச்சி நிலையமும் கண்ணுக்கு விருந்தாகும். அங்கேயே வாழ்வோர்க்கோ படிப்படியாக வெட்டிய வயல்களும், அவற்றினின்று சாலைக்குச் சுமந்து ஏற்ற வேண்டிய மூட்டைகளுமே வாழ்க்கை. உருளைக்கிழங்கு, காரட், பீன்ஸ், பூண்டு ஆகியவை மேல்மலையின் செல்வம். கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-இல் புவிசார் குறியீடும் பெற்றது. அப்பூண்டு வடுகபட்டிச் சந்தைக்கு இறங்கிச் செல்கின்றது. லாரி சாலையில் நிற்கும். வயலோ பள்ளத்தில் கிடக்கும். இரண்டிற்கும் இடையே இருப்பது மனிதனின் முதுகு.

நாம் குறிப்பிடும் உழவர் நாற்பதைக் கடந்தவர். ஒரு பனிக்காலை, குனிந்தபடியே காரட் மூட்டையைத் தூக்கி இடப்புறம் திரும்பினார். இடுப்பில் ஏதோ ‘சுருக்’கென்றது. மறுநாள் வலி இடுப்பைவிட்டு இறங்கி, புட்டம், தொடை, கெண்டைக்கால் வழியாகப் பெருவிரல் வரை நெருப்புக் கோடு இழுத்தாற்போல் ஓடிற்று. இருமினால் வலி, தும்மினால் வலி, இரவில் புரண்டு படுக்கவும் அஞ்சினார்.

அப்போது நாமும் ஒரு தவறு செய்தோம். நாம் குருமடத்தில் பயின்ற நாளில் இடுப்புவலி கண்டவரைப் பலகையில் கிடத்தி, மாதக்கணக்கில் அசையாதிருக்கச் செய்வதே வழக்கம். அந்த நினைவில் அவருடைய மனைவியாரிடம், “ஒரு மாதம் எழுந்திருக்க விடாதேம்மா” என்று அறிவுரை கூறி, செபித்துவிட்டு வந்தோம். அவர்களும் சாமியார் சொல்லைத் தட்டாமல் அப்படியே செய்தார்கள்.

மூன்றாம் வாரம் நோயாளிகளைச் சந்திக்கச் சென்ற அருட்சகோதரி ஒருவர், செவிலியர் பயிற்சி பெற்றவர், வேறொன்றைக் கவனித்தார். அவர் பின்கட்டுக்கு நடந்து சென்றபோது வலக்காற் செருப்பு வழியிலேயே கழன்று விழுந்தது. கழன்றதை அவர் அறியவேயில்லை. பெருவிரலை மேலே தூக்கச் சொன்னார்; தூக்க முடியவில்லை. “சாமி, இனிமேல் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது” என்று சகோதரி நமக்குச் சொல்லியனுப்பினார். அன்று மாலையே அவரை ஜீப்பில் படுக்கவைத்துச் சமவெளிக்கு இறக்கினோம். எம்.ஆர்.ஐ. படம் எடுத்த மருத்துவர், நரம்பு நசுங்கியுள்ளது என்றும், சிறு துளை வழியே சிகிச்சை செய்யலாம் என்றும் கூறினார். மூன்றாம் நாள் அவர் தம் காலாலேயே நடந்து மருத்துவமனையை விட்டு வெளியே வந்தார்.

விலகுவது எது?

“ஜவ்வு விலகிவிட்டது” என்று நம் மக்கள் கூறுவர். உண்மையில் எதுவும் இடம்பெயர்ந்து ஓடிவிடுவதில்லை. முதுகெலும்பு ஒரே எலும்பன்று; அடுக்கிவைத்த பல எலும்புகளின் கோவை. அவற்றின் நடுவே 23 வட்டுகள் மெத்தைபோல் அமைந்துள்ளன. வட்டின் அமைப்பை அறிய வேண்டுமானால் நுங்கை நினைத்துக்கொள்ளுங்கள்: வெளியே உறுதியான நார், உள்ளே வழுவழுப்பான கூழ். நார் வளையம் நைந்து கிழியும்போது உள்ளிருக்கும் கூழ் பிதுங்கி, அருகே செல்லும் நரம்பை அழுத்துகின்றது. அந்த நரம்பு காலுக்குச் செல்வதாதலால், குறை இடுப்பில் இருக்க, வலி காலில் தெரிகின்றது. உடலின் பாரம் முழுவதையும் தாங்கும் கடைசி இரு வட்டுகளிலேயே இது பெரும்பாலும் நேர்கின்றது.

கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் மருத்துவர் எஸ். இராஜசேகரனும் அவர்தம் குழுவினரும் 181 நோயாளிகளை ஆராய்ந்து 2013-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். கிழிசல் நார் வளையத்தின் நடுவில் ஏற்படுவதைவிட, வட்டு எலும்போடு ஒட்டியிருக்கும் விளிம்பிலேயே மிகுதியாக ஏற்படுகின்றது என்று அவர்கள் கண்டனர். நூற்றுக்கு 65 பேரிடம் அவ்வாறிருந்தது. உலக மருத்துவர்கள் அதனைப் பரிசளித்துப் பாராட்டினர்.

இந்நோய் கண்ட யாவரும் கத்திக்குப் பணிய வேண்டுமோ? வேண்டியதில்லை. பிதுங்கிய கூழை உடலே சிறிது சிறிதாகக் கரைத்துக்கொள்கின்றது. பெரும்பாலோர்க்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் வலி தணிந்துவிடும். ஆலந்து நாட்டில் கடுங்கால்வலி கொண்ட 283 பேரை இரு பிரிவாக்கி ஆராய்ந்து, 2007-இல் முடிவை வெளியிட்டனர். உடனே அறுவைச் சிகிச்சை பெற்றோர்க்கு வலி விரைவில் நீங்கிற்று. காத்திருந்த பிரிவில் பத்தில் நால்வர்க்குப் பின்னர் அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டது. ஆயினும் ஓராண்டு முடிவில் இரு பிரிவிலும் நூற்றுக்கு 95 பேர் நலம் பெற்றதாகக் கூறினர். அந்நாட்டிலேயே 1999-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, இரண்டு வாரம் படுக்கையில் கிடப்பதால் கால்வலிக்காரர்க்குத் தனிப்பயன் ஏதுமில்லை என்று காட்டியது. நாம் மனைவியாரிடம் கூறிய அறிவுரை எத்துணைப் பழையது என்பதை இதனால் அறிந்து நாணினோம். வலி பொறுக்கும் அளவுக்கு வீட்டிற்குள் நடமாடுவதே நன்று.

ஆனால் காத்திருக்கலாகாத அறிகுறிகளும் உண்டு. பாதமோ விரலோ தூக்க முடியாமல் வலுவிழத்தல். சிறுநீர் அடைத்துக்கொள்ளுதல் அல்லது அறியாமல் கழிதல். மலத்தை அடக்க இயலாமை. இருகால்களுக்கு நடுவே, குதிரைச் சேணம் படும் இடம் மரத்துப்போதல். பின்னுள்ள மூன்றில் ஒன்று கண்டாலும் அன்றிரவே மருத்துவமனைக்குச் செல்க. விடியட்டும் என்றிருந்தால் அக்குறை வாழ்நாள் முழுதும் நிலைத்துவிடக் கூடும். இத்தகைய நிலையில் முதுகில் ஏறி மிதிக்கவும், முறுக்கி நெட்டியெடுக்கவும் எவரையும் அனுமதிக்காதீர்கள்.

வாசல் சிறிதான வரலாறு

கால்வலிக்கு வட்டே காரணமாகலாம் என்பதை உலகம் தெளிவாக அறிந்தது 1934-இல். அமெரிக்காவில் மிக்ஸ்டர், பார் என்னும் இரு மருத்துவர்கள் அதனை எழுதி வெளியிட்டனர். நம் நாட்டின் முதல் நரம்பு அறுவைத் துறையை 1949-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொடங்கியவர் மருத்துவர் ஜேக்கப் சாண்டி. அந்நாளில் முதுகை நீளப் பிளந்து, தசையை எலும்பினின்று விலக்கியே வட்டை அடைந்தனர்.

நம் வீட்டுக் கொல்லையில் நிற்கும் பப்பாளியும் இவ்வரலாற்றில் இடம்பெற்றது என்றால் வியப்பீர்கள். பப்பாளிப் பாலிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருளை ஊசி வழியே வட்டினுள் செலுத்திக் கூழைக் கரைக்கும் முறையை லைமன் ஸ்மித் என்பவர் 1964-இல் அறிவித்தார். அமெரிக்க அரசு 1982-இல் அதற்கு ஒப்புதலும் அளித்தது. ஒவ்வாமையாலும் நரம்புக் கேட்டாலும் சிலர் துன்புற்றமையால் அம்மருந்து பின்னர் வழக்கொழிந்தது. 1977-இல் யாசர்கில், காஸ்பர் ஆகியோர் நுண்நோக்கியின் துணையால் சிறு வெட்டின் வழியே வட்டை நீக்கிய செய்தியை வெளியிட்டனர். 1997-இல் ஃபோலி, ஸ்மித் என்னும் இருவர் தசையை வெட்டாது விலக்கி, குழாய் ஒன்றைச் செலுத்தி, அதனுள் உள்நோக்குக் கருவியிட்டுச் செய்யும் முறையை விளக்கினர். இன்று ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் வெட்டே போதும். ஒருநாள் இருநாளில் வீடு திரும்புவோர் பலர்.

வீட்டில் தொடங்கும் மருத்துவம்

இங்கேதான் நாம் குடும்பத்தாரை நோக்கிச் சொல்ல வேண்டிய செய்தி தொடங்குகின்றது. வாசல் சிறிதாயிற்றே தவிர, உள்ளே ஆற வேண்டிய காயம் சிறிதாகவில்லை. நரம்பை அழுத்திய துண்டை மருத்துவர் எடுத்துவிட்டார். ஆனால் நார் வளையத்தின் கிழிசல் அங்கேயே இருக்கின்றது. வளர்ந்தவரின் வட்டிற்கு நேரான இரத்த ஓட்டம் இல்லாமையால் அது மெல்லவே ஆறும். நூறு பேரில் ஐந்து முதல் பதினைந்து பேர்க்கு அதே இடத்தில் மீண்டும் பிதுங்குவதுண்டு. வலி போயிற்று என்னும் மகிழ்ச்சியே அவர்களுக்குப் பகையாகின்றது.

முதல் நாளிலிருந்தே நடக்க வேண்டும். சமதரையில், சிறுகச் சிறுக, நாளுக்கு நாள் கூட்டி நடக்க வேண்டும். மலைச்சரிவு இப்போது வேண்டா. குனிதல், முறுக்கித் திரும்புதல், தூக்குதல் ஆகிய மூன்றையும் ஏறத்தாழ ஆறு வாரம் தவிர்க்க வேண்டும். நெடுநேரம் உட்காருதலும் தீது. சுவீடன் நாட்டு நாக்கெம்சன் என்னும் மருத்துவர் வட்டினுள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்பதைவிட உட்காரும்போதும், அதைவிட முன்குனிந்து உட்காரும்போதும் அழுத்தம் மிகுவதைக் கண்டார். ஆதலால் மலைப்பாதையில் வீடு திரும்பும்போது இருக்கையைச் சாய்த்துக்கொண்டு, இடையிடையே வண்டியை நிறுத்தி நான்கு அடி நடப்பது நலம். குந்தி உட்காரும் கழிப்பிடத்துக்குப் பதிலாகச் சில வாரம் நாற்காலி அமைப்பு வேண்டும். மலச்சிக்கல் வராதபடி கீரையும் பழமும் நீரும் கொடுக்க வேண்டும். பீடி சிகரெட்டை அறவே விட வேண்டும். புகை வட்டின் ஊட்டத்தைக் கெடுக்கின்றது. பின்னர் மருத்துவர் கூறும்போது, வயிற்றுக்கும் முதுகுக்கும் வலுவூட்டும் பயிற்சிகளைத் தொடங்கி, விடாது செய்ய வேண்டும்.

ஒன்றை மறவாதீர்கள். பொதுவாக வலி முதலில் நீங்கும். வலிமை பிறகு திரும்பும். மரமரப்பு கடைசியில் அகலும், சிறிது எஞ்சவும் கூடும். இதற்கு மாதங்கள் ஆகலாம். “ஆபரேஷன் முடிந்தும் இன்னும் கால் மரத்திருக்கிறதே” என்று அழுது, அவரையும் அச்சுறுத்தாதீர்கள். வலி முன்போல் திரும்பினாலோ, காய்ச்சல் கண்டாலோ, தையலில் நீர் கசிந்தாலோ உடனே மருத்துவரைக் காண்க.

சப்பரத்தின் முன்கொம்பு

நம் உழவருக்கு வருவோம். சிகிச்சை முடிந்த ஐந்தாம் வாரத்தில் சிற்றாலயத் திருவிழா. இருபது ஆண்டுகளாகச் சப்பரத்தின் முன்கொம்பு அவர் தோளுக்கே உரியது. அது அவருடைய தந்தையார் செய்த நேர்த்தி. திருவிழாவுக்கு முந்திய மாலை அவர் நம்மிடம் வந்தார்.

“சாமி, காயம் கட்டைவிரல் அகலம்கூட இல்லை. வலியும் போய்விட்டது. நான் கொம்பு பிடிக்காவிட்டால் நேர்த்தி தவறிப்போகும். ஊரிலும் என்னை இனி உதவாதவன் என்பார்கள்.”

கடைசிச் சொற்களில் உண்மை வெளிப்பட்டது. அவரை வாட்டியது நேர்த்தி மட்டுமன்று. சுமக்கும் வரையில்தான் ஆண்பிள்ளை என்று நம் ஊர்கள் அவருக்குக் கற்பித்திருந்தன. வீட்டில் பூண்டு விதைக்கக் கடன் வாங்கியிருந்தார்கள். மனைவியார் தனியே கூலிக்குச் சென்றுகொண்டிருந்தார். அவரோ திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நாமுங்கூடக் கடந்த ஆண்டுத் திருவிழா மறையுரையில் சப்பரம் சுமப்போரைப் புகழ்ந்தோமேயன்றி, சுமக்க இயலாதோரைப் பற்றி ஒரு சொல்லும் கூறியதில்லை.

“அப்பா, நேர்த்தி செய்தது ஆண்டவருக்கா, ஊருக்கா?” என்று கேட்டோம். அவர் பேசவில்லை. நாம் தொடர்ந்தோம்: “தன் பிள்ளைகளின் சோற்றைப் பறித்துக்கொடுக்கும் காணிக்கையை ஆண்டவர் கேட்கமாட்டார். நேர்த்தியை வேறொரு நற்செயலாக மாற்றித்தரத் திருச்சபையில் வழியுண்டு. இவ்வாண்டு நீ சுமக்க வேண்டியது கொம்பன்று, பொறுமை.”

மறுநாள் அவர் ஒரு மெழுகுதிரியை ஏந்திச் சப்பரத்தின் முன்னே நடந்தார். முன்கொம்பை அவருடைய அண்ணன் மகன் தாங்கினான். இளைஞன் ஒருவன் ஏதோ கேலி பேச வாயெடுத்தபோது, ஊர்ப் பெரியவர் ஒருவர் அவனை உறுத்துப் பார்த்து அடக்கியதையும் கண்டோம். அந்த ஒரு பார்வை, எந்த மருந்துக்கும் குறைந்ததன்று.

பெரியோரும் படுத்திருந்தனர்

நம் பெற்றோரின் வீடுகளில் திருஇருதயப் படத்தருகே ஜான் கென்னடியின் படமும் தொங்கியதை முதியோர் அறிவர். அவரும் முதுகு நோயாளியே. 1944-இல் வட்டுச் சிகிச்சை பெற்றார். 1954-இல் முதுகில் உலோகத் தகடு பொருத்தினர். அக்காயம் புரையோடி, அவஸ்தைப்பூசுதல் பெறும் நிலைக்கு ஆளானார். அறுவைகளால் அடையாத சுகத்தைப் பின்னர் 1961-இல், மருத்துவர் ஹான்ஸ் கிராவுஸ் கற்பித்த உடற்பயிற்சியாலேயே ஓரளவு அடைந்தார். கத்தி செய்யாததை நாள்தோறும் செய்யும் சிறு பயிற்சி செய்யக்கூடும் என்பதற்கு இது சான்றன்றோ?

திருத்தந்தை பிரான்சிசு 2020-ஆம் ஆண்டின் இறுதி நாளிலும், 2021-ஆம் ஆண்டின் முதல் நாளிலும் கடும் கால்நரம்பு வலியால் வழிபாட்டிற்குத் தலைமை தாங்க இயலாதிருந்தார். வேறொருவர் பீடத்தில் நின்றார். திருத்தந்தையே தம் இடத்தை விட்டுக்கொடுத்தார் என்றால், நாம் ஒரு கொம்பை விட்டுக்கொடுப்பது இழுக்காகுமா?

1521-இல் பம்பலூனாக் கோட்டையில் பீரங்கிக் குண்டால் கால் முறிந்த இஞ்ஞாசியார், மாதக்கணக்கில் தம் இல்லத்தில் படுத்திருந்தார். வீரக் கதைகள் கிடைக்காமையால் ஆண்டவரின் வரலாற்றையும் புனிதர் வரலாறுகளையும் வாசித்தார். அந்தப் படுக்கையில் அவர் மனம் மாறியிராவிடில் இயேசு சபை ஏது? கொடைக்கானல் மலையில் செண்பகனூர்க் குருமடந்தான் ஏது? குணமடையும் காலம் வீணான காலமன்று.

சுமையைக் குறைப்பதும் அறமே

இறுதியாக ஒன்று. ஒருவர் குணமாகி எழுந்து மீண்டும் அதே மூட்டையின் கீழ் புகுவாராயின் என்ன பயன்? பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே, வளர்ந்த ஆண் தொழிலாளி கையால் தூக்கும் சுமை 55 கிலோவுக்கு மிகலாகாது என்று பரிந்துரைத்தது. பெண்களுக்கு அதனினும் மிகக் குறைவாகவே இருக்க வேண்டும் என்றது. நம் மலையில் விறகுச் சுமையோடு இறங்கும் பெண்களைக் காண்போர், அந்த அறிவுரை இன்னும் மலையேறவில்லை என்பதை உணர்வர். மூட்டைகளைச் சிறிதாகக் கட்டுங்கள். இருவர் சேர்ந்து தூக்குங்கள். முழங்காலை மடக்கி, சுமையை மார்போடு அணைத்து எழும்புங்கள். திரும்ப வேண்டுமானால் இடுப்பைத் திருப்பாமல் பாதங்களைத் திருப்புங்கள். பண்ணை உடையோர் சுமைக்குக் குதிரையை அமர்த்திக்கொடுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இல்லாத ஏழைக் குடும்பங்களுக்கு அதனைப் பெற உதவுவதும் பங்கு மன்றங்களின் கடமை. சிகிச்சைக்கு முன்னரே, அது அத்திட்டத்தில் அடங்குமா என்பதை மருத்துவமனையில் கேட்டறிவது நன்று.

நம் உழவர் நான்காம் மாதத்தில் வயலுக்குத் திரும்பினார். மூட்டை சுமப்பதை விட்டுவிட்டார். அவரும் பக்கத்து வயல்காரர் மூவரும் சேர்ந்து வாடகைக்கு ஒரு குதிரை அமர்த்தியுள்ளனர். பெருவிரலில் சிறிது மரமரப்பு இன்னும் இருக்கின்றது. “அது இருக்கட்டும் சாமி, குனியப் போகும்போதெல்லாம் அதுதான் எனக்கு ஞாபகப்படுத்துகிறது” என்கிறார். ஆண்டவரோடு இரவெல்லாம் போராடி ஆசீர்பெற்ற யாக்கோபும் நொண்டிக்கொண்டேதான் விடியலில் நடந்தார் என்று ஆதியாகமம் கூறுகின்றது.

கூனியிருந்த பெண்ணைக் கண்டு அழைத்தவர் ஆண்டவர். அவளை ஒரு நொடியில் நிமிர்த்த அவரால் முடிந்தது. நம் இல்லங்களில் கூனிக் கிடப்போரை நிமிர்த்த அவர் நம்மிடம் ஆறு வாரம் கேட்கின்றார்: ஒரு வாளித் தண்ணீரை அவருக்காக நாம் தூக்க, அவரோடு நாலடி நடக்க, அவரை உதவாதவர் என்று சொல்லாதிருக்க. அந்த ஆறு வாரத்தை மனமுவந்து கொடுப்போமாக. சுமை சுமந்து சோர்ந்தோரைத் தம்மிடம் அழைத்த நம் ஆண்டவர், உங்கள் இல்லங்களையும் உங்கள் உழைப்பையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.